சாம்பலுக்குள் என் அண்ணன்

எங்கள் கல்லூரி நிலவியல் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரு மீன் செத்து மிதக்கிறது. அடுத்ததில் அது ஆற்றின் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மூன்றாவதில் அதன்மேல் வண்டல் மெத்தென்று படிகிறது. கடைசியில் அது கல். அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுத் தூங்கவைக்கிற மாதிரி வரைந்து தள்ளியிருக்கிறான் எவனோ ஒரு புண்ணியவான். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கம் வரும்போது, "இதைப் பேனாவால அடிச்சிடுங்க," என்று மாணவிகளிடம் சொல்வேன். மேடம் இன்றைக்கு யார்மேல் கோபமாக வந்திருக்கிறாள் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

நிம்மதியாகச் செத்த எதுவும் கல்லாவதில்லை. எங்கள் ஆற்றில் ஒரு மீன் செத்தால் முதலில் நண்டு வந்து கண்ணைத் தோண்டும். அப்புறம் வயிற்றைக் கிழிக்கும். மிச்சத்தைப் புழு தின்னும், எலும்பை அலை உருட்டி உருட்டிப் பொடியாக்கும். சில நாளில் அங்கே ஒரு மீன் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. கல்லாக வேண்டுமென்றால் தின்ன வருகிறவன் கைக்கு எட்டாமல், காற்றுப் படாமல், சட்டென்று புதைய வேண்டும். கரை இடிந்து தலையில் விழ வேண்டும். வெள்ளம் மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்க வேண்டும். எரிமலை சாம்பலைக் கொட்ட வேண்டும். பாறைக்குள் முழு உருவத்தோடு நாம் பார்க்கிற நிறைய உயிர்கள் அப்படிக் கொல்லப்பட்டவை. இதைத்தான் அந்தப் படம் மறைக்கிறது.

நம்பாதவர்களுக்கு நான் சிப்பியைக் காட்டுவேன். எண்ணூர் ஆற்றின் சேற்றுக்கு அடியில், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய சிப்பிகள் பாளம் பாளமாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் அதைத் தோண்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விற்றார்கள். சாதாரணமாகச் செத்த சிப்பி வாயைப் பிளந்துவிடும், ஏனென்றால் ஓட்டை இழுத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்துபோகும். அந்தப் பாளத்திலோ இரண்டு ஓடும் இறுக மூடியபடி எத்தனையோ கிடக்கின்றன. மேலே மண் விழுந்திருக்கிறது. ஆபத்து போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. ஆபத்து போகவே இல்லை. அதற்குப் பிறகுதான் புத்தகம் சொல்கிற மற்ற வேலையெல்லாம். உப்பும் சுண்ணமும் கரைந்த தண்ணீர் எலும்பின் ஒவ்வொரு துளைக்குள்ளும் புகுந்து, இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். பழைய குடித்தனக்காரரை ஒவ்வொருவராகக் காலிசெய்துவிட்டு வேறு ஆளைக் குடிவைக்கிற மாதிரி. சுவர் மட்டும் அதே சுவர்.

இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது. கண்ணால் பார்த்தது என் அண்ணன் விஷயத்தில்.

நாங்கள் எண்ணூர் ஆற்றோரக் குப்பத்து ஆட்கள். அண்ணன் வலை போடுகிறவன் இல்லை, கையால் இறால் தடவுகிறவன். மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவான். பிடிபட்டதைப் போட ஓலையில் பின்னிய ஒரு கூடை, பறி என்போம். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் கவ்விக் கவ்வி அவனுக்கு முன்பல் தேய்ந்து சாய்ந்துவிட்டது. தரையில் நின்று பேசும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசுவான். கேட்கிறவர்களுக்கு எப்போதும் திட்டுகிறான் என்று தோன்றும். பெரும்பாலும் திட்டத்தான் செய்வான்.

கோபம் வந்தால் எங்கள் குடும்பத்தில் கை முந்தும், வாய் பிந்தும். அண்ணியும் எங்களுக்கு ஏற்றவள்தான். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் அரிந்து கொடுக்கிறவள். ஒரு முறை எடை விஷயத்தில் ஏமாற்றப் பார்த்த வியாபாரியை வஞ்சிரத்தாலேயே அறைந்திருக்கிறாள். அறைந்த மீனைக் கழுவி விற்றும்விட்டாள்.

எங்கள் ஆற்றின் குறுக்கே ஒரு கம்பெனியின் குழாய் போகிறது. நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கலக்கி அதன் வழியாகத் தள்ளுவார்கள். இணைப்புகளில் ஒழுகும். ஒழுகி ஒழுகி, கறுப்பாக, கால் வைத்தால் கொழகொழவென்று உள்ளே இழுக்கிற எங்கள் சேற்றின்மேல் வெள்ளைச் சாம்பல் ஏறிவிட்டது. சில இடங்களில் நண்டு வளைக்குள்ளேயே செத்து, வளை வாயில் சாம்பல் அடைத்துக் கெட்டிப்பட்டிருந்தது. அண்ணன் ஒரு தடவை கடப்பாரையோடு குழாய்மேல் ஏறி அதை அடித்தான். காவலுக்கு நின்றவர்கள் கம்பால் அவனைப் புரட்டி எடுத்தார்கள். அவன் ஒருத்தன் காதைக் கடித்துவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் இருந்து அழைத்து வரும்போது, "அவன் ரத்தம்கூட சாம்பல் நாத்தம் அட்சிது பாப்பா," என்றான். ஐம்பதை நெருங்கியும் நான் அவனுக்குப் பாப்பாதான்.

இனி அந்த நாள். எங்கள் குப்பத்தில் ஆற்றைப் பங்கு பிரித்து முறைவைத்து இறங்குவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாடு அன்று உன் பங்கில் வேறு எவனும் கால் வைக்க மாட்டான். நீ இறங்காவிட்டால் உன் முறை போனது போனதுதான், சுற்றி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு அண்ணனின் பாடு. குழாய்க்குக் கீழே இருக்கிற பங்கு. இணைப்பு காலையிலேயே சீறிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம்.

"இன்னிக்கு வோணாம்யா, வுடு," என்றாள் அண்ணி.

"எம் பாடுமே இது. இன்னிக்கு வுட்டா அப்பால எப்ப வரும்? உங்கொப்பன் குடுப்பானா?"

அவள் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தாள். அவன் பறியை எடுத்துப் பல்லில் கவ்வினான். அதற்குமேல் அவனோடு பேச முடியாது.

எனக்கு அன்று கல்லூரி விடுமுறை. உச்சி வெயிலில் அண்ணியோடு கரையில் நின்றிருந்தேன். அவன் பிடித்ததை வாங்கி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக அவள் கூடையும் கத்தியுமாகத் தயாராக வந்திருந்தாள். லாரி டயர் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். குழாயின் இணைப்பு பிய்ந்து சாம்பல் கூழ் சுவர் சரிகிற மாதிரி ஆற்றில் விழுந்தது. அது அவனைக் குப்புறத் தள்ளியது. முக்கி எழுந்தான். முகம் முழுக்கச் சாம்பல். பல்லில் பறி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவன் செய்தது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்கிற காரியம். சேறு காலைப் பிடித்தால் நாங்கள் இழுக்க மாட்டோம். குதிகாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டுவோம். ஆட்டினால் இடுக்கில் தண்ணீர் இறங்கும், சேறு பிடியை விடும், கால் வந்துவிடும். நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவோம். அவனும் ஆட்டினான். ஆனால் அது சேறு இல்லை. சாம்பலை ஆட்டினால் அது ஒரு கணம் தண்ணீராக இளகி ஆளைக் கீழே விடும். ஆட்டுவதை நிறுத்தினால் முன்னைவிட நெருக்கமாக உட்கார்ந்து இறுகும். முழங்கால் போயிற்று. தொடை போயிற்று.

"ஆட்டாதண்ணா! அய்யோ, ஆட்டாத!" என்று கத்தினேன்.

இரு வருகிறேன் என்று கையைக் காட்டினான். பல்லில் பறி இருக்கிறதே, எப்படிப் பேசுவான்? அதில் அன்றைய இறால் இருந்தது. கடைசியில் அவன் பறியைத் துப்பியபோது இடுப்புவரை புதைந்திருந்தான். பறி கவிழ்ந்து இறால்கள் அவனைச் சுற்றித் துள்ளின. சாம்பல் ஏறி அந்த இடம் மேடாகியிருந்தும் தண்ணீர் அவன் வயிற்றுக்கு மேலே இருந்தது. முகத்துவாரத்தில் கடல் ஏற ஆரம்பித்திருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கிற ஆழத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். அவன் நிற்கவில்லை, பாதி ஆள் உள்ளே.

அண்ணி புடவையை வரிந்துகட்டி, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நீந்திப் போனாள். நான் குழாய்க் காவலன் கொட்டகைக்கு ஓடினேன். கூழ் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. "மேல கேட்டுத்தான் மூடணும்மா," என்றான் அவன், போனைக் காதில் வைத்துக்கொண்டு. நான் ஒரு செங்கல்லை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். அடுத்த கல்லை எடுத்து அவன் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். முதுகலைப் பட்டம் பெற்றவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். சத்தியமாக அடித்திருப்பேன். அவன் ஓடிப்போய் வால்வை மூடினான்.

நான் திரும்பி வந்து ஆற்றில் இறங்கி அவர்களிடம் போனபோது அண்ணனின் தோஸ்து தன் ஃபைபர் போட்டைக் கொண்டுவந்திருந்தான். கயிற்றை அண்ணன் அக்குளுக்குக் கீழே சுற்றி, போட்டில் கட்டி, என்ஜினைப் போட்டு இழுத்தான். அண்ணன் போட்ட அலறல் என் காதில் இன்னும் இருக்கிறது. வாய்வழியாக வந்த சத்தமாகவே அது இல்லை.

"நிறுத்துங்கண்ணே! சாம்பல் விடாது, ஆள்தான் பிய்வான்! காலுக்குக் கீழ தண்ணி போனாதான் விடும்!" என்று கத்தினேன். என்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அண்ணி மீன் கத்தியால் கயிற்றை அறுத்தாள். அறுந்த முனை சாட்டை மாதிரி பாய்ந்து தோஸ்தின் கன்னத்தைக் கிழித்தது. அவள் போட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அவனை அடித்தாள். "பேமானி, எம் புருஷன இன்னா பனமரம்னு நென்ச்சிகினியா?"

அவன் அடியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "தண்ணிதானே வோணும்? வெசிறிய வெச்சி அடிச்சிடட்டா?"

விசிறி என்றால் என்ஜினின் நீளமான தண்டு முனையில் சுழல்வது. அதைச் சாம்பலுக்கு நேராகப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சியடித்துச் சாம்பலை அரிக்கும். உண்மைதான். ஆனால் அதன் தகடுகள் அண்ணனின் காலுக்குக் கையெட்டும் தூரத்தில் சுழலும். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் பேசினான். தண்ணீர் அவன் மார்புக்கு வந்திருந்தது.

"போட்றா மாமு. பூட்ச்சின்னா பூடட்டும்."

போட்டான். ஆறு கொதித்தது. சாம்பல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து எங்கள் முகத்தில் அடித்தது. நான் பின்னால் நின்று அவன் தலையைத் தண்ணீருக்கு மேல் பிடித்திருந்தேன், அண்ணி முன்னால் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு விட்டது. வலது தொடை விட்டது. வலது கால் முழுதாக வெளியே வந்தபோது அண்ணி, "வந்துச்சிடா, வந்துச்சி!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த கணம் விசிறி இறுகிய சாம்பலில் முட்டித் தண்டு துள்ளியது.

முதலில் சத்தம்தான். கறிக்கடைச் சத்தம். அப்புறம் சாம்பல் தண்ணீர் சிவப்பாயிற்று. இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்தது. எலும்பு போய்விட்டது, ஆனால் சதை அறவில்லை. கீழ்ப்பாதி இன்னும் சாம்பலுக்குள் இறுகிக் கிடந்தது. தோஸ்து என்ஜினை நிறுத்திவிட்டு, "அய்யோ, நான் இன்னா பண்ட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு போட்டில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் அண்ணனின் தாடையைத் தொட்டது. அவன் வாயில் நுழைந்தது. துப்பினான்.

"அறுமே," என்றான் அண்ணியைப் பார்த்து.

அவள் தலையை ஆட்டினாள். முடியாது என்று.

"தண்ணி துன்றேன்மே. அறு."

அறுந்த கயிற்றின் மிச்சத்தை அவன் தொடையில் சுற்றி இறுக்கினாள். மூச்சை இழுத்துக்கொண்டு கத்தியோடு தண்ணீருக்குள் போனாள். தினம் நூறு மீன் அரிகிற கை அது. ஆனால் உயிரோடிருக்கிற, தன்னோடு படுத்து எழுகிற ஆள். நான் அண்ணனின் வாய்க்குள் என் முன்கையைத் திணித்தேன். அவன் கடித்தான். பறியைக் கவ்வுகிற அதே பல். சதைக்குள் இறங்கி எலும்பில் நின்றது. நான் கத்தினேனா, அவன் கத்தினானா, தெரியாது. அவள் மூச்சுக்காக ஒரு முறை மேலே வந்தாள், மறுபடி போனாள். அதற்கப்புறம் அவன் கனமில்லாமல் என் மேலே சாய்ந்தான்.

ஆம்புலன்ஸ் எங்கள் சாலையில் எப்படிப் போகும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றிருந்தன, நகரவே இல்லை. அண்ணி இறங்கி ஓடினாள். அவள் உடம்பெல்லாம் சாம்பலும் ரத்தமும். கையில் இன்னும் கத்தி இருந்தது, அது இருப்பதே அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு லாரிக் கதவையும் கத்திப் பிடியால் அடித்துக்கொண்டே போனாள். "ஒதுங்குடா! ஒதுங்குடா கஸ்மாலம்!" டிரைவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் வண்டிகள் எப்படியோ ஒதுங்கின.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் கேட்டார்: "கால் எங்கே? கொண்டு வந்தீங்களா?"

எங்களில் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

தோஸ்து திரும்பிப் போனான். தண்ணீர் தலைக்கு மேல் ஏறியிருந்தது. இறங்கும்வரை கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு இரும்புக் கம்பியால் குத்திக் குத்தித் தேடினான். விசிறி தோண்டிய பள்ளம் மூடிப்போயிருந்தது. குத்துகிற இடமெல்லாம் கம்பி ஒரே மாதிரி 'ணங்' என்று நின்றது என்றான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அதைச் சொல்லிவிட்டு, கிழிந்த கன்னத்தோடு குலுங்கிக் குலுங்கி அழுதான். குழாயை மறுநாளே ஒட்டவைத்துவிட்டார்கள்.

அண்ணன் பிழைத்தான். பிழைத்து வந்தவன் கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தான். இல்லாத கால் வலித்தது. இப்படி வலிக்கும் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரையைச் சுவரில் எறிந்தான். வலி உச்சத்துக்குப் போனால் ஊன்றுகோலால் டிவியை உடைப்பான், பானையை உடைப்பான், ஒரு முறை தன் நல்ல காலையே அடித்துக்கொண்டான். அண்ணியை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. அவளும் அந்தக் கத்தியைத் தொடவில்லை. புதுக் கத்தி வாங்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனைப் பார்க்கப் போயிருந்தேன். பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மின்விசிறிக் காற்றில் வேட்டியின் இடதுபக்கம் தட்டையாகப் படபடத்தது. வழக்கமான வசவுகளையெல்லாம் முடித்துவிட்டுத் திடீரென்று கேட்டான்.

"பாப்பா. நீதான் கல்லு படிச்சவ. அந்தக் காலு அங்கியேதான கீது?"

"ஆமாண்ணா."

"நண்டு துன்னுட்டு இருக்காதா?"

"நண்டுதான் செத்துப்போச்சே. காத்தும் போகாது. எதுவும் தின்னாது."

"அப்ப நீ சொல்லுவியே, அந்த மாரி கல்லா பூடுமா?"

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். ஆகலாம் என்றேன். எல்லாம் அப்படியே இருந்தால் ஆகும். சதை போய்விடும், எலும்பில் கல் ஏறும்.

"எம்மா நாளாவும்?"

"அது ரொம்ப வருஷம்ணா. ஆயிரக்கணக்குல. நாம யாரும் இருக்கமாட்டோம்."

சண்டை போடாத, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் கேட்டான்: "அது வரிக்கும் வலிச்சிகினேதான் இருக்குமா?"

அவன் முழங்கால் முனையைப் பிடித்து அமுக்கிவிட ஆரம்பித்தேன். "அங்க இல்ல பாப்பா, கீழ," என்றான். அதற்குக் கீழே எதுவும் இல்லை, என் கை அப்படியே நின்றுவிட்டது.

சமையலறையிலிருந்து அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். பாயின் கோடியில், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, வெறும் பாயை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்த ஆரம்பித்தாள். தினமும் செய்கிற வேலை மாதிரி செய்தாள்.

"இங்கியா?" என்றாள்.

"ஆமா," என்றான் அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு. "அங்கதான்."